புறப்படும் தேதி

நாகர்கோவில் எஸ்.பி. ஆபீசில்
பதினேழாவது கட்டத்தில் பேனா நிற்கிறது.
இந்தியாவிலிருந்து புறப்படும் உத்தேசத் தேதி.
மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாளை
பாஸ்போர்ட்டால் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.
சாயா குடிக்கப் போன ஏட்டு இன்னும் வரவில்லை.

பஹ்ரைனில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.
ததேயு அங்கே அரபியின் படகில் மீன் பிடித்தான்.
"எங்க ஊரும் கடல்தான்" என்றான்.
லெய்த்தே தீவுக்காரிக்கு அது போதுமாயிருந்தது.
எல்லாம் ஒரே கடல் என்று
யார் சொல்லித் தந்தார்கள் எனக்கு?
எங்கள் கடல் விரிகுடாவுக்குள் புரண்டு படுக்கும்.
கடியப்பட்டணத்துக் கடல்
பாறையில் தலையை முட்டிக்கொண்டு
ராத்திரி முழுக்க யாரிடமோ வழக்குப் பேசுகிறது.

முதல் மாதம் எல்லாவற்றுக்கும் சிரித்தேன்.
புரியாதபோது சிரிப்பதுதான் என் ஊரில் மரியாதை.
சாவு வீட்டிலும் சிரித்துவிட்டேன்.
மைனி பிரகாசி முழங்கைக்கு மேலே கிள்ளினாள்.
மூன்று நாள் நீலமாயிருந்தது.

பங்குக் குடும்ப அட்டைக்கு
எர்லிந்தா என்று எழுதிக் கொடுத்தேன்,
எர்லிந்தாள் என்று வந்தது.
திருத்தச் சொல்லட்டுமா என்றான் ததேயு, போனில்.
மரியதாசாள், சூசையம்மாள், அந்தோணியாள்
அந்த வரிசையில்
ஒரு கால் கூடுதலாக ஊன்றி அவள் நிற்பது
பார்க்க நன்றாயிருந்தது. விட்டுவிட்டேன்.
இன்றுவரை
என் பெயரின் கடைசி எழுத்து எனக்கு வராது.

ஒருநாள் காலை பிரகாசி
குழலைச் சாய்த்துக் குச்சியால் தள்ளினாள்.
ஆவியோடு வந்து விழுந்தது.
"புட்டு" என்றாள்.
"பூத்தோ" என்றேன்.
"பூத்தோ இல்ல பிள்ளே, புட்டு."
இல்லை மைனி, பூத்தோ.
டிசம்பரில், விடியுமுன் பூசை முடிந்து வந்தால்
கோயில் வாசலில், மூங்கில் குழலில்,
ஊதா நிறத்தில், மேலே தேங்காய்ப்பூ.
எழுபது சொல் தமிழில் இதை எப்படிச் சொல்வது?
கையால் குழல் காட்டினேன். சிலுவை போட்டேன்.
பனியில் நடுங்கிக் காட்டினேன்.
காய்ச்சல் என்று நினைத்து
சுக்குத் தட்டப் போய்விட்டாள்.
மாங்காய்க்கும் எங்களிடம் மங்காதான்.
எந்தச் சொல் எந்தக் கப்பலில் ஏறியதோ,
யாரிடம் விசா காட்டியதோ.

கோபம் மட்டும் தாமதமாக வந்தது.
நான்காம் வருஷம், மணவாளக்குறிச்சிச் சந்தையில்,
ஐஸ் வைத்த சாளையை
இப்போ கரையேறினது என்றான் ஒருவன்.
"கடக்கரையில பொறந்தவகிட்டயாலே கத விடுத?"
பேசியது நான்தான் என்று
சந்தை திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.
"எக்கா, கோவிக்காதிய" என்று
ஏழெட்டு மீனை அள்ளிக் கூடப் போட்டான்.
வீடு வரும்வரை கை நடுங்கியது.
என் தாய்மொழியில்
நான் யாரையும் திட்டியதே இல்லை.

அம்மாவிடம் போனில் பேசும்போது
நடுவில் "ஆங்" என்று வந்துவிடுகிறது.
பக்கத்தில் யார் என்கிறாள்.
யாருமில்லை அம்மா,
காற்று.

ஏட்டு வந்துவிட்டார், மீசையில் நுரை.
"தேதி போடலியாம்மா?"
சீட்டு முடிய இன்னும் பதினாலு மாசம்.
மகளுக்கு முதல் நன்மை வருகிற மேயில்.
கூரையில் நாலு ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால்.
இவற்றில் எதைத் தேதியாக எழுதலாம் ஐயா?
"சும்மா விசா முடியுத நாளப் போடுங்க,
எல்லாரும் அதான் போடுதாவ."
போட்டேன்.

அண்ணா பஸ் ஸ்டாண்டில்
கிளம்பிக்கொண்டிருந்தது ஒரு பஸ்.
"முட்டம் வழி போகுமா?"
வாய்க்குள் நாக்கு மடங்க மறந்து
வலி என்று வந்தது.
கண்டக்டர் கதவருகே நகர்ந்து நின்றார்.
"போவும், ஏறுங்க.
சில்லறை இருக்கா?"